கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துச் சிற்றூருக்குக் கழிவுநீர்க் குட்டை அமைக்கும் முறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்குச் சிற்றூர்களுக்கு இயந்திரச் சுத்திகரிப்பைவிட, கழிவுநீரை அடுத்தடுத்த குட்டைகளில் தேக்கித் தூய்மையாக்கும் குட்டைமுறையே பொருந்தும் என்பது என் கருத்து; மின்சாரம் போனாலும் அது நிற்காது. தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வழங்கி, அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்று கொண்டால், 5,000 பேருக்கு 540 கன மீட்டர் வரும்.

முதலில் கம்பிச் சல்லடையும் மணல் தொட்டியும் வையுங்கள். அடுத்து, 3 மீட்டர் ஆழமுள்ள முதற்குட்டையில் நீர் 2 நாள் தங்குவதற்கு 1,080 கன மீட்டர் கொள்ளளவு வேண்டும். அதன்பின் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் பாசி வளரும் குட்டையும், கிருமி குறைய 1 மீட்டர் ஆழக் குட்டைகளும் வரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனியில் மேற்கிலிருந்தும் மார்கழியில் கிழக்கிலிருந்தும் வீசுவதால், நாற்றமடிக்கும் முதற்குட்டையை வீடுகளுக்கு வடக்கிலோ தெற்கிலோ தள்ளி வெட்டுங்கள். கரிசல் மண் காய்ந்தால் பிளக்கும். ஆகவே அடித்தளத்தை இறுக்கியவுடன் நீர் நிரப்புங்கள்.

இரண்டாம் குட்டை பச்சையாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்பு படர்ந்தால் குட்டை தாங்கும் அளவைவிடக் கழிவின் சுமை மிஞ்சிவிட்டது என்று பொருள். வண்டலை அளக்க, மூங்கில் கழியில் வெள்ளைத் துண்டைச் சுற்றி அடிவரை செங்குத்தாக இறக்கி, ஒரு நிமிடம் கழித்து மெல்லத் தூக்கினால், துண்டில் கருஞ்சேறு ஒட்டிய உயரமே வண்டலின் உயரம் (அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்). முதற்குட்டையின் ஆழத்தில் மூன்றிலொரு பங்கை அது எட்டியதும் வாரிவிடுங்கள். வெளிவரும் நீரைத் தென்னைக்குப் பாய்ச்சலாம். பச்சையாகத் தின்னும் காய்களுக்குக் கூடாது.