முடிவு தெரிந்த பிறகு சொல்லும் தீர்ப்பு: துருவப் பயணக் கதைகளை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சித்திரையில், கத்திரி தொடங்கிய வாரம், காரைக்குடியில் ஒரு பழைய வீட்டுப் பட்டாலையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி ஸ்காட்டின் தென்துருவப் பயணத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தோம். மாதம் ஒரு முறை கூடுகிற சின்னக் கூட்டம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை மட்டும்தான் குளிர்ச்சியாக இருந்தது. கடைசிக் கூடாரம் வருகிற பக்கத்தில் ஒரு தம்பி புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, "நாய் வண்டியிலயே போய்ட்டு வந்திருந்தா பிழைச்சிருப்பாங்க. வறட்டுப் பிடிவாதம்" என்றான். நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

அந்த வீட்டு ஆச்சிக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது. தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "எங்க அப்பச்சி பர்மாவுல இருந்து நடந்து வந்தாக. ஊருக்கு வந்ததும் எல்லாரும் ஒண்ணேதான் கேட்டாக. ஏன் முன்னாடியே கப்பல் ஏறலைன்னு. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவுக கடைசி வரைக்கும் வாயே திறக்கலை."

ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது 1942 மார்ச் 8. நடுவில் இரண்டரை மாதம் இருந்ததே என்று இன்றைக்கு நாள்காட்டியைப் பார்த்து யாரும் சொல்லிவிடலாம். அன்றைக்குப் பெட்டியடியில் உட்கார்ந்திருந்தவருக்கு மார்ச் 8 என்று ஒரு தேதி இருந்ததே தெரியாது. கொடுத்த கடன் வசூலாக வேண்டும், கணக்கை ஒப்படைக்க வேண்டும், அடுத்த கப்பலில் இடம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை வேறு.

துருவப் பயணக் கதைகளை வாசிக்கிறவர்கள் செய்கிற முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். கடைசிப் பக்கத்தைத் தெரிந்துகொண்டு முதல் பக்கத்துக்கு மார்க் போடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் வாசித்தேன். அதனால்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

ஸ்காட்டையே எடுத்துக்கொள்வோம். அவர் நாய்களே கொண்டுபோகவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நாய்கள் இருந்தன, மட்டக் குதிரைகள் இருந்தன, மோட்டார் பனிவண்டிகளும் இருந்தன. மோட்டார்கள் வழியிலேயே நின்றுபோயின. குதிரைகளைப் பனியாற்றின் அடிவாரத்தில் சுட்டுவிட்டார்கள். நாய்கள் அங்கிருந்து திரும்பிவிட்டன. அதற்கு மேல்தான் ஆட்கள் வண்டியை இழுத்தார்கள். 1912 ஜனவரி 17 அன்று துருவத்தை அடைந்தபோது, ஐந்து வாரத்துக்கு முன்பே, 1911 டிசம்பர் 14 அன்று, நார்வேக்காரர் அமுன்சென் வந்து போயிருந்தது தெரிந்தது. திரும்பும் வழியில் முதலில் எட்கர் எவன்ஸ், அப்புறம் ஓட்ஸ், கடைசியில் ஸ்காட், வில்சன், பவர்ஸ் என்று ஐந்து பேருமே இறந்தார்கள்.

அவர்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்ததில் குளிருக்கும் பெரிய பங்கு உண்டு. வளிமண்டல அறிவியலாளர் சூசன் சாலமன் பழைய பதிவுகளையும் பிற்காலத் தானியங்கிக் கருவிகளின் அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, அந்த மார்ச் மாதம் வழக்கத்தைவிட மிகக் கடுமையாக இருந்தது என்று காட்டினார். அவ்வளவு குளிரில் பனி வழுக்காது. சாதாரணமாகச் சறுக்குக்கட்டைக்கு அடியில் மெல்லிய நீர்ப்படலம் உண்டாவதால்தான் வண்டி சறுக்குகிறது. குளிர் ஏற ஏற அந்தப் படலம் உண்டாகாது, பனி மணலாகிவிடும். பாரம் ஏற்றிய மாட்டுவண்டி ஆற்று மணலில் இறங்கினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அங்கே மாட்டுக்குப் பதில் மனிதர்கள், அதுவும் அரைவயிற்றோடு.

அமுன்சென் எல்லாவற்றையும் சரியாகத் திட்டமிட்டவர் என்ற பேச்சையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அவருடைய திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 1911 செப்டம்பர் 8 அன்றே, பருவம் வருவதற்கு முன்பு, அவசரப்பட்டுக் கிளம்பினார். குளிர் மைனஸ் 50 செல்சியசைத் தாண்டியதும் திரும்ப வேண்டியதாயிற்று. திரும்பும்போது ஆளுக்கு ஆள் சிதறினார்கள். பின்தங்கிய பிரெஸ்ட்ரூட்டைக் கைதாங்கிக் கூட்டிவந்தவர் யால்மார் யோஹான்சென். தலைவர் செய்தது தவறு என்று எல்லார் முன்னாலும் சொன்னதற்காக, யோஹான்சென் துருவக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அன்று யாராவது செத்திருந்தால் நாம் அமுன்செனை எப்படிப் பேசியிருப்போம்? ஜெயித்தவரின் தவறு அனுபவமாகிவிடுகிறது, தோற்றவரின் தவறு குணக்கேடாகிவிடுகிறது.

ஸ்காட்டின் கடைசிக் கூடாரத்துக்கும், உணவும் எண்ணெயும் முன்கூட்டியே சேர்த்துவைத்திருந்த 'ஒன் டன்' கிடங்குக்கும் இடையே 11 மைல். இந்த இடத்தில்தான் வாசகர்கள் அதிகம் துடிக்கிறார்கள், கோபமும் படுகிறார்கள். அந்த மைல் நாம் சாலையில் சொல்கிற மைல் அல்ல, கடல் மைல் அளவு. கிலோமீட்டரில் சுமார் 20. கிட்டத்தட்ட இங்கிருந்து தேவகோட்டை. அவ்வளவு தூரம் தவழ்ந்தாவது போயிருக்கக் கூடாதா என்று நம் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஸ்காட்டின் ஒரு கால் குளிரில் விறைத்துச் செத்திருந்தது. அடுப்பெரிக்க எண்ணெய் தீர்ந்திருந்தது. எண்ணெய் இல்லையென்றால் சமையல் மட்டுமல்ல, தண்ணீரும் இல்லை, பனியை உருக்கித்தான் குடிக்க வேண்டும்.

அந்த எண்ணெய் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சீமெண்ணெய் டின் புழங்கிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். மூடியைத் திருகி இறுக்கியிருப்போம், ஆனாலும் வாஷர் காய்ந்து போயிருந்தால் டின்னின் மேல்புறம் பிசுபிசுக்கும், அலமாரி முழுக்க வாடை வரும், ஒரு மாதம் கழித்துத் தூக்கினால் டின் லேசாக இருக்கும். கிடங்குகளில் ஸ்காட் வைத்துப்போன டின்களிலும் தோல் வாஷர்தான். திரும்பி வந்து எடுத்தபோது மூடி மூடியபடியே இருக்க, உள்ளே எண்ணெய் குறைந்திருந்தது. அமுன்சென் தன் டின்களின் வாயை ஈயம் வைத்துப் பற்றவைத்து மூடியிருந்தார். ஒரு வாஷரை வைத்துக்கொண்டு வீரத்தையோ மடத்தனத்தையோ அளக்க முடியாது. ஆனால் அந்த வாஷரைப் பற்றி நம்மில் யாரும் பேசுவதில்லை, பிடிவாதத்தைப் பற்றித்தான் பேசுகிறோம்.

அளவுகளைச் சரியாக வாசிக்காததும் ஒரு தவறு. சின்னதாகத் தெரியும், ஆனால் கதையையே மாற்றிவிடும். பழைய ஆங்கிலக் குறிப்புகளில் பெரும்பாலும் ஃபாரன்ஹீட்தான். 1911ன் குளிர்காலப் பயணத்தில், பெங்குயின் முட்டை தேடிப் போன வில்சன், பவர்ஸ், செர்ரி-கராட் மூவரும் மைனஸ் 77ஐப் பார்த்தார்கள் என்றால், அது செல்சியசில் மைனஸ் 60க்குச் சற்றுக் கீழே. 'ஐம்பது டிகிரி உறைபனி' என்று எழுதியிருந்தால் அது மைனஸ் 50 அல்ல, உறைநிலையான 32 ஃபாரன்ஹீட்டுக்கு ஐம்பது டிகிரி கீழே, அதாவது ஏறக்குறைய மைனஸ் 28 செல்சியஸ். மாதங்களிலும் கவனம் வேண்டும். நமக்கு மார்கழி குளிர், அங்கே டிசம்பர் நடுக்கோடை, சூரியன் மறைவதே இல்லை. மார்ச் என்றால் கதவு சாத்துகிற நேரம்.

இன்றைய மருத்துவ அறிவை அவர்கள் தலையில் ஏற்றுவதும் அப்படித்தான். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்கு "எலுமிச்சம்பழம் கொண்டுபோயிருக்கலாமே" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வைட்டமின் என்ற சொல்லே 1912ல்தான் பிறந்தது. ஆஸ்திரேலியத் துருவப் பயணி மாசனோடு அண்டார்க்டிகாவில் நடந்த மெர்ட்ஸ் 1913 ஜனவரியில் இறந்தார். சாப்பாடு தீர்ந்து நாய்களைத் தின்று நடந்தவர்கள் அவர்கள். நாய் ஈரலில் மிகுந்திருந்த வைட்டமின் ஏ அவர் உயிரைக் குடித்திருக்கலாம் என்று மருத்துவர்கள் சொன்னது பல பத்தாண்டுகள் கழித்து.

அடுத்தது, கேட்பதற்கு இனிப்பாக இருப்பதை அப்படியே பரப்புவது. இன்னொரு துருவப் பயணத் தலைவரான ஷாக்கிள்டன் ஆள் தேடிக் கொடுத்ததாக ஒரு பத்திரிகை விளம்பரம் உலவுகிறது: ஆபத்தான பயணம், சொற்பக் கூலி, கடுங்குளிர் என்று போகும். எத்தனையோ பேர் பழைய பத்திரிகைகளைப் புரட்டியும் அதன் மூலம் கிடைக்கவில்லை. அதைவிட என்னை உறுத்துவது, "ஷாக்கிள்டன் ஒருவரைக்கூடச் சாகவிடவில்லை" என்று வியாபாரக் கூட்டங்களில் சொல்லும் பேச்சு. அவருடைய எண்டியூரன்ஸ் கப்பல் 1915 நவம்பரில், அண்டார்க்டிகாவை ஒட்டிய வெடல் கடலில் மூழ்கியது. அதில் இருந்த 28 பேரும் பிழைத்தது உண்மை, அது மகத்தான காரியம்தான். ஆனால் அதே பயணத்தின் மற்றொரு குழு கண்டத்தின் எதிர்ப்பக்கம், ராஸ் கடலில் இறங்கியிருந்தது. ஷாக்கிள்டன் கண்டத்தைக் கடந்து வரும்போது பசிக்கக் கூடாதென்று வழிநெடுக உணவுக் கிடங்கு வைத்தார்கள். அவர்களுடைய கப்பல் புயலில் அறுத்துக்கொண்டு போன பிறகும் வைத்தார்கள். அவர் வரவே இல்லை, அது அவர்களுக்குத் தெரியவும் இல்லை. ஸ்பென்சர்-ஸ்மித், மெக்கின்டாஷ், ஹேவர்ட் என்ற மூன்று பேர் இறந்தார்கள். நம் ஊரில் ஐந்தொகை போடுகிறவர் வரவை மட்டும் எழுதிப் பற்றை விட்டுவிட்டால் அதைக் கணக்கென்று யாராவது ஒப்புக்கொள்வார்களா?

எண்டியூரன்ஸில் போன 28 பேரில், யானைத் தீவில் நாலரை மாதம் காத்திருந்த 22 பேரை 1916 ஆகஸ்ட் 30 அன்று ஏற்றிக்கொண்டு வந்தது சிலி நாட்டின் யெல்ச்சோ என்ற சிறு கப்பல். அதன் தலைவர் லூயிஸ் பார்டோ. இந்தக் கதையைச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் அவர் பெயரைச் சொல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள்.

பெயர் விடுபடுவதாவது பரவாயில்லை, சொன்னதை நம்பாமல் விடுவது இன்னும் மோசம். 1845ல் வடதுருவப் பக்கம் இரண்டு கப்பல்களில் போன பிரிட்டிஷ் தலைவர் பிராங்க்ளினும் 128 பேரும் என்ன ஆனார்கள் என்பதை, அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான இன்யுயிட் மக்கள் ஆய்வுப் பயணி ஜான் ரேயிடம் 1854ல் சொன்னார்கள். பசியின் கடைசியில் மனித உடலைத் தின்றிருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். லண்டன் கொதித்தது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அந்தச் சாட்சியத்தைத் தாக்கி எழுதினார். எங்கள் ஆட்கள் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள் என்பதுதான் வாதம். பின்னாளில் கிடைத்த எலும்புகளில் கத்தித் தடங்கள் இருந்தன. கப்பல்கள் 2014லும் 2016லும் கிடைத்தபோது இன்யுயிட் சொல்லிவந்த தகவலும் வழிகாட்டியது.

அலாஸ்காவைச் சேர்ந்த ஏடா பிளாக்ஜாக்கின் கதையில் வாசகர்களின் தீர்ப்பு நேராக ஒரு பெண்ணின் மேலேயே விழுந்தது. காசநோய் வந்த மகனுக்கு வைத்தியம் பார்க்கப் பணம் வேண்டும் என்று தையல்காரியாக 1921ல் நான்கு ஆண்களோடு சைபீரியாவுக்கு வடக்கே உள்ள ரேங்கல் தீவுக்குப் போனார். 1923 ஜனவரியில் மூன்று பேர் உதவி தேடிப் பனியில் நடந்து போனார்கள், திரும்பவில்லை. நான்காமவருக்கு ஸ்கர்வி. அவரை ஏறக்குறைய ஐந்து மாதம் பார்த்துக்கொண்டு, அவர் இறந்த பிறகு ஒரு பூனையோடு தனியாக இருந்து, சுடப் பழகி, பொறி வைத்து, அந்த ஆகஸ்டில் மீட்கப்பட்டார். ஊர் திரும்பியவரிடம், அந்த ஆளை நீ சரியாகப் பார்க்கவில்லை என்று பழி சொன்னார்கள்.

இவ்வளவும் பேசி முடித்த அடுத்த மாதம் எங்கள் கூட்டத்தில் ஒரு காரியம் செய்தோம். வாசிக்கிறவர்கள் எல்லாரும் ஒரு முறை செய்து பார்க்கலாம். ஸ்காட் குழுவின் மேட்டுநில ரேஷன், ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு: பிஸ்கட் சுமார் 450 கிராம், பெம்மிக்கன் 340, சர்க்கரை 85, வெண்ணெய் 57, தேயிலை 24, கோகோ 16. எல்லாவற்றையும் நிறுத்து ஒரு தாம்பாளத்தில் வைத்தோம். பெம்மிக்கன் என்பது காயவைத்து இடித்த மாட்டிறைச்சியில் கொழுப்பை உருக்கிக் கலந்தது. அதற்குப் பதில் உப்புக்கண்டத்தை இடித்து நெய் ஊற்றிப் பிசைந்து வைத்தார் ஒரு ஆச்சி. தாம்பாளம் நிறைந்துதான் இருந்தது. நாள் முழுக்க வண்டி இழுக்கிற உடம்புக்கு அது போதாது என்று இன்றைய கணக்குகள் சொல்வதை வாசித்துக் காட்டினேன்.

வீட்டு ஆச்சி தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிஸ்கட்டை ஒவ்வொன்றாக எண்ணினார். "அப்பச்சி வந்தப்ப எனக்கு நாலு வயசு. நடையில என்ன சாப்பிட்டீகன்னு நான் கேட்டதே இல்லை" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. போன மாதம் புத்தகத்தைக் கவிழ்த்த தம்பிதான் அதை மறுபடி எடுத்தான்.

"எதுல இருந்து ஆச்சி?"

"அந்த மார்ச் மாசத்துல இருந்து. மெதுவா வாசி."