பெருமந்தக் காலப் புகைப்படங்களை அக்கம்பக்கத்தோடு பார்ப்பது எப்படி?

நெற்றியில் சுருக்கம், கன்னத்தருகே விரல்கள், இரு தோளிலும் முகம் புதைத்த பிள்ளைகள். பெருமந்தம் எனப்படும் 1930-களின் பொருளாதாரச் சரிவின்போது, 1936-இல் கலிபோர்னியாவின் நிபோமோவில் புகைப்படக் கலைஞர் டோரதியா லாங் எடுத்த அந்தத் தாயின் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். அந்த ஒன்றோடு நாம் நின்றுவிடுவதுதான் என் ஆதங்கம். அமெரிக்க அரசின் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் முதலான துறைகளுக்காக, லாங்கும் இடம்பெற்ற ராய் ஸ்ட்ரைக்கரின் புகைப்படக் குழு எடுத்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் சுமார் 1,75,000. அவை இப்போது அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கின்றன. அதன் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

முதலில், தளத்தின் புகைப்படப் பிரிவுக்குப் போய், எடுத்தவர் பெயரையும் ஊர் பெயரையும் சேர்த்து ஆங்கிலத்தில் தேடுங்கள். 'வறுமை', 'விவசாயி' என்று தேடினால் திக்குத் தெரியாது. 'லாங், நிபோமோ' போதும்.

இரண்டாவது, நெகட்டிவ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணில் யுஎஸ்எஃப்33 என்று வந்தால் 35 மி.மீ. ஃபிலிம், யுஎஸ்எஃப்34 என்றால் அதைவிடப் பெரியது. பக்கத்து எண்களில் உள்ள படங்களைக் காட்டும் இணைப்பும் அங்கேயே இருக்கும். நான் அதிகம் பயன்படுத்துவது அதைத்தான். ஆனால் நிபோமோவில் அது கைகொடுக்காது: புகழ்பெற்ற படம் 9058, அதே தாயின் மற்ற நான்கும் 9093, 9095, 9097, 9098. அதனால்தான் ஊர் பெயரை வைத்துத் தேடச் சொன்னேன்.

சரி, இப்போது ஐந்தையும் அருகருகே வையுங்கள். அவசரமே வேண்டாம். தூரத்திலிருந்து எடுத்ததில் ஒரு பக்கம் திறந்த கூடாரம் தெரிகிறது. பதின்வயது மகளும் இருக்கிறாள். கேமரா கிட்டே வர வர அவள் சட்டகத்தை விட்டுப் போய்விடுகிறாள், கூடாரமும் மறைகிறது. கடைசியில் தாயும் அவளை ஒட்டிய பிள்ளைகளும் மட்டும்தான்; அதுதான் அந்தப் புகழ்பெற்ற படம். அந்தக் கடைசிப் படத்தின் வலது கீழ் மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூடாரக் கம்பைப் பிடித்த கட்டைவிரல் மங்கலான நிழலாகத் தெரியும். லாங் பின்னர் அதை அழிக்கச் செய்தார். அழிக்காத பழைய பிரதியும் அதே தளத்தில் உண்டு.

அப்புறம் படக்குறிப்பு. 'பட்டாணி பறிக்கும் ஏழைத் தொழிலாளர்கள், ஏழு பிள்ளைகளின் தாய், வயது முப்பத்திரண்டு' என்கிறது. பெயர் இல்லை. தான் அதைக் கேட்கவே இல்லை என்று லாங்கே பிற்பாடு எழுதினார். குறிப்பில் எது விடுபட்டது என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

'தலைப்பற்றது' என்ற பதிவுகளைத் தாண்டிப் போகாதீர்கள். சிலவற்றின் நடுவே கரிய வட்டம் இருக்கும். ஸ்ட்ரைக்கர் வேண்டாம் என்று ஒதுக்கி, நெகட்டிவிலேயே போட்ட ஓட்டை அது. ஒரு விவசாயியின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அந்த வட்டத்தைப் பார்த்தால் மனது கனக்கிறது.

இந்த முறை பழகிய பின், அதே குழுவின் ஆர்தர் ராத்ஸ்டைன் 1936-இல் தெற்கு டகோட்டாவில் எடுத்த மாட்டு மண்டையோட்டுப் படங்களுக்குப் போங்கள். ஒரே மண்டையோடு ஒரு படத்தில் வெடித்த தரையில் கிடக்கும், இன்னொன்றில் புல் மேல். அவர் அதை நகர்த்தி வைத்தது அன்றைய பத்திரிகைகளில் பெரிய சண்டையானது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிழல் விழும் திசையிலிருந்து தொடங்குங்கள்.