கட்சி இல்லாத சபை: வன்னி வகுப்பறையில் நடத்தும் முறை

மாணவர் பாராளுமன்றம் எங்கள் பாடசாலைகளுக்குப் புதிதல்ல. பெயர் வாசித்து, பதவிப்பிரமாணம் செய்து, படம் எடுத்து முடிந்தால் பல இடங்களில் அது அடுத்த வருடம் வரைக்கும் நித்திரைதான். உறுப்பினர் ஒருவர் நாள் முழுக்க என்ன செய்கிறார் என்பது பிள்ளைக்குப் பிடிபடாமலே போய்விடும். குடியியற் கல்விப் பாடத்தில் அதைச் செய்துபார்க்க வைப்பதற்கு, கனடாவின் வடமேற்குப் பிரதேசச் சட்டசபை நல்ல மாதிரி. அங்கே கட்சி கிடையாது. ஆகவே பிள்ளைகளும் ஒளிந்துகொள்ளக் கட்சி இராது.

முதலில் ஆசிரியர் கையில் இருக்கவேண்டிய விபரம். பதின்மூன்று இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பு; 33 ஊர்கள்; 19 உறுப்பினர்கள். அவர்களில் 7 பேர் தலைநகர் யெலோநைஃபுக்கு உரியவர்கள். எல்லாரும் தனித்தனியாகக் கேட்டு வெல்கிறார்கள். பிறகு தங்களுக்குள் இரகசிய வாக்கெடுப்பில் சபாநாயகரையும், அரசுக்குத் தலைமை தாங்கும் முதல்வரையும், ஆறு அமைச்சர்களையும் தெரிவுசெய்கிறார்கள். மிஞ்சுவது 11 சாதாரண உறுப்பினர்கள். 1999 ஏப்ரல் 1இல் பிரிந்துபோன நுனாவுட்டும் கட்சியில்லாத சபைதான். ஆனால் கனடாவின் மற்றப் பிரதேசமான யூகோனில் கட்சிகள் உண்டு. மூன்றையும் ஒரே சாக்கில் கட்டவேண்டாம்.

இவை மாகாணங்களும் அல்ல. மத்திய பாராளுமன்றம் சட்டத்தால் கொடுத்த அதிகாரமே இவற்றிடம் உள்ளது. காணி, கனிம வளப் பொறுப்பு வடமேற்குப் பிரதேசத்தின் கைக்கு வந்ததே 2014 ஏப்ரல் 1இல்தான். மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆம் திருத்தத்தைப் படித்த பிள்ளை இந்த இடத்தில் கட்டாயம் கை உயர்த்தும். 2013இல் 38 பேருடன் தெரிவான எங்கள் வட மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்ததைச் சொல்லி, மிச்சத்தை இன்னொரு பாடவேளைக்கு வையுங்கள். இப்போது தொடங்கினால் சபை கூடாது.

ஆட்களும் சாமான்களும்

19 உறுப்பினர், வாக்கு எண்ண 2 எழுதுவினைஞர், பேச்சை எழுத 2 ஹன்சாட்காரர், நேரம் பார்க்க ஒருவர், மொழிபெயர்க்க 2 பேர். மற்றவர்கள் பார்வையாளர். சின்னப் பாடசாலையில் அவ்வளவு பிள்ளைகள் இல்லையென்றால் 13 பேருடன் செய்யலாம்: சபாநாயகர் 1, முதல்வரும் அமைச்சர்களும் 5, சாதாரண உறுப்பினர் 7. ஒன்பது பேர் என்றால் 1, 3, 5. எப்படிக் குறைத்தாலும் சாதாரண உறுப்பினர் தொகை அமைச்சரவையை விடக் கூடவே இருக்கவேண்டும். அதை மாற்றினால் விளையாட்டே செத்துவிடும்.

ஆளுக்கு ஒரு ஏ4 தாள், எட்டாக வெட்டியது. எட்டுத் துண்டும் எட்டுச் சுற்று வாக்குக்கு: சபாநாயகருக்கு 2, முதல்வருக்கு 3, அமைச்சருக்கு 3. துண்டுகளில் சுற்று இலக்கத்தை முன்கூட்டியே எழுதுங்கள். இல்லாவிட்டால் பழைய துண்டு புதுப் பெட்டிக்குள் விழும். வாக்குப்பெட்டிக்கு மூடியில் கீறிய பிஸ்கட் ரின் போதும். சோளகம் வீசும் மாதங்களில் திறந்த மண்டபத்தில் எண்ணவேண்டாம். இவை தவிர 100 புளியங்கொட்டை. அதுதான் வரவுசெலவுத் திட்டம்.

கதிரைகளை வட்டமாகப் போடுங்கள். யெலோநைஃப் சபையும் வட்டம்தான். இரண்டு வரிசையாக எதிரெதிரே இருத்தினால் ஐந்து நிமிடத்தில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் தானாக முளைக்கும், நீங்கள் என்ன சொன்னாலும்.

தொகுதி பிரித்தல்

நகரத்துக்கு 7, கிராமங்களுக்கு 12. வவுனியா நகரை ஏழாகப் பிரியுங்கள். ஏ9 வீதியில் மாங்குளத்தை எல்லையாக வைத்து வடக்கே பூநகரி, முழங்காவில், அக்கராயன், விசுவமடு, முத்தையன்கட்டு, புதுக்குடியிருப்பு. தெற்கே நட்டாங்கண்டல், வவுனிக்குளம், கனகராயன்குளம், நெடுங்கேணி, கொக்கிளாய், மடு. உங்கள் பக்கத்து ஊர்களைப் போட்டு மாற்றினாலும் பிழையில்லை. அமைச்சர் தெரிவில் நகரத்துக்கு இரண்டு, வடக்குக்கு இரண்டு, தெற்குக்கு இரண்டு. அங்கேயும் தலைநகர், வடபகுதி, தென்பகுதி என்று இரண்டிரண்டாக எடுப்பது வழக்கம்.

சீட்டுக் குலுக்கித் தொகுதி கொடுத்தபின் ஒரு வாரம் விடுங்கள். அந்த வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் தொகுதியைப்பற்றி அரைப்பக்கம் எழுதவேண்டும்: எத்தனை குடியிருப்பு, எந்தக் குளம், மழைக்கு எந்தப் பாதை அறுக்கும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு. மாதிரிக்கு நுனாக்புட் தொகுதியைக் காட்டுங்கள். அதில் துக்தோயாக்துக், பவுலாதுக், சாக்ஸ் ஹாபர், உலுகாக்தோக் என நான்கு ஊர். வருடம் முழுவதும் ஓடக்கூடிய பாதை துக்தோயாக்துக்குக்கு மட்டும் உண்டு, அதுவும் 2017 நவம்பரில்தான் திறந்தது. மற்ற மூன்றுக்கும் உறுப்பினர் விமானத்தில்தான் போகவேண்டும்.

உறுப்பினரின் பின்னணி எழுதும்போது பிறந்த திகதியும் படித்த பாடசாலையும் எழுதிவிட்டு நிறுத்துவார்கள். அது கல்வெட்டு. சபைக்கு வருமுன் யாருடைய வேலையைச் செய்தார் என்று கேட்க வையுங்கள். நெல்லி கூர்னொயே 1940இல் அக்லாவிக்கில் பிறந்தவர்; வானொலியில் வேலை செய்தவர்; தம் இனுவியலுயிட் மக்களின் காணி உடன்படிக்கைப் பேச்சில் பங்குகொண்டவர். அந்த உடன்படிக்கை 1984இல் கைச்சாத்தானது. 1979இல் சபைக்கு வந்து 1991 முதல் 1995 வரை முதல்வராக இருந்தார். வானொலியும் காணிப் பேச்சும் இல்லாமல் அந்த முதல்வரை விளங்கிக்கொள்ள முடியாது. இதே மாதிரி, பஸ் சங்கத்தில் வேலை செய்தவரா, கமக்கார அமைப்பில் இருந்தவரா என்று பிள்ளை தன் பாத்திரத்துக்கு ஒரு பின்னணி வைக்கட்டும்.

முதல் நாள்: தெரிவுகள்

இரண்டு பாடவேளை எடுக்கும். முதலில் சபாநாயகர். நன்றாகப் பேசும் பிள்ளையைத் தெரிவார்கள். தெரிவுசெய்த பிறகு அந்தப் பிள்ளைக்கு வாதத்தில் பேச்சே இல்லை என்பதை அறிந்து இரண்டு பக்கமும் அழும். வாக்குக்கு முன்னமே இதைச் சொல்லிவிடுங்கள்.

முதல்வருக்குக் கேட்பவர் மூன்று நிமிடம் பேசி, சபையின் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். பாதிக்கு மேல் எடுத்தவர் வென்றார். யாரும் எடுக்காவிட்டால் கடைசி ஆளை நீக்கி மறுசுற்று. “எனக்குப் போடு, உன்னை மந்திரி ஆக்குறன்” என்ற பேரம் கட்டாயம் நடக்கும். அது செல்லாது. அமைச்சர்களைத் தெரிவது சபை; எவருக்கு எந்த அமைச்சு என்று பிரிப்பது மட்டுமே முதல்வரின் வேலை. சொல்லாமல் விட்டு, பேரம் பேசியவர்கள் தாங்களே ஏமாறுவதைப் பார்க்கவிடுவது இன்னும் நல்ல பாடம்.

இரண்டாம் நாள்: சபை

உறுப்பினர் கூற்றுக்கு இரண்டரை நிமிடம். ஏறத்தாழ 220 சொல் எழுதினால் சரியாக வரும். “எமது கிராமத்தில் போக்குவரத்து வசதிகள் காணப்படவில்லை” என்று தொடங்கினால் அது கட்டுரைப் போட்டி. “ஆறரை பஸ் தவறினால் அடுத்தது பதினொன்றுக்கு. கிளினிக்கில் நம்பர் கொடுப்பது எட்டரை வரைக்கும்” என்று தொடங்கினால் அமைச்சர் நிமிர்ந்து பார்ப்பார். நேரம் முடிந்து பேச்சு மிச்சமிருந்தால், அங்கே செய்வதுபோல “முடிப்பதற்குச் சபையின் ஒருமித்த அனுமதி கேட்கிறேன்” என்று கேட்கவேண்டும். ஒருவர் “இல்லை” என்றாலும் இருக்கவேண்டியதுதான். முதல் தடவை ஒரு குழப்படிகாரன் இல்லை என்பான். அவனுடைய முறை வரும்போது மற்றவர்கள் மறக்கமாட்டார்கள், நீங்கள் தலையிடவேண்டாம்.

வினா நேரம் 15 நிமிடம். ஒரு வினா, இரண்டு துணை வினா. அமைச்சர் “கவனத்தில் எடுக்கிறோம்” என்றால் சபாநாயகர் ஏற்கக்கூடாது. ஒரு திகதி, ஒரு தொகை, அல்லது “முடியாது” என்ற சொல், இந்த மூன்றில் ஒன்று வரவேண்டும். இந்த விதி அங்கத்தையது அல்ல, வகுப்புக்காக வைத்தது. அங்கே 11 உத்தியோகபூர்வ மொழிகள் உண்டு. ஆகவே ஒருவரையாவது சிங்களத்தில் பேசவிட்டு மொழிபெயர்ப்பாளரை வேலைவாங்குங்கள். வசனத்துக்கு வசனம் நிறுத்தாவிட்டால் மொழிபெயர்ப்பவர் பாதியைத் தானே இட்டுக்கட்டுவார்.

கடைசியாகப் புளியங்கொட்டை. அமைச்சரவை நூறையும் ஆறு அமைச்சுக்கும் பிரித்துச் சபையில் வைக்கும். சபாநாயகர் சமன் வந்தால் மட்டும் வாக்களிப்பார். மிச்சம் 18; தேவை 10. அமைச்சரவை ஒன்றாகவே வாக்களிக்கவேண்டும் என்பதால் கையில் 7. இன்னும் 3 வேண்டும். அந்த மூன்றுக்காக முதல்வர் வட்டத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கும் இடத்தில்தான் பாடமே இருக்கிறது. பதினொரு பேரும் சேர்ந்தால் அரசையே விழுத்தலாம், ஆனால் அவர்களுக்குத் தலைவர் இல்லை. ஒவ்வொருவருக்கும் வேறு குளம், வேறு பாதை. கட்சியில்லாத இந்த முறைக்கு உள்ள ஒருமித்த ஆட்சி என்ற பெயரைக் கேட்டு எல்லாரும் சம்மதிக்கவேண்டும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அல்ல, பெரும்பான்மைதான்.

தோற்றால் கொட்டைகளைத் திரும்ப அள்ளி, பத்து நிமிடம் இடைவேளை கொடுத்து இரண்டாம் முறை வைக்கலாம். ஒரே ரியூசனுக்குப் போகும் நாலைந்து பேர் கட்சிபோல ஒட்டினால், அவர்களுடைய ஊர்களில் இரண்டுக்கு ஒரே பஸ்ஸை மட்டும் ஒதுக்குங்கள், தானாகப் பிரியும்.

ஹன்சாட்காரர் இருவரும் அன்றைக்கே எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோக விடாதீர்கள். ஒரு இரவு கழிந்தால் பேசினவர் பேசாததெல்லாம் உள்ளே வந்துவிடும்.