எம்.சி. ரோடு ஷாப்பிங் வர்றீங்களா, மொதல்ல போன்ல வைஃபைய ஆஃப் பண்ணுங்க

கல்யாண ஜவுளி எடுக்க சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு வர்ற வெளிநாட்டு சொந்தக்காரங்க வந்ததும் கேக்குறது "இங்க ஃப்ரீ வைஃபை எங்க கிடைக்கும்"னுதான். ரோமிங் சார்ஜ் அப்படி, புரியுது. ஆனா ஏர்போர்ட்லேந்து மெட்ரோல நேரா வந்து எறங்கிட்டு கண்ணுல பட்ட வைஃபைல எல்லாம் பேங்க் ஆப் தொறக்காதீங்க.

மேன் இன் த மிடில்னு ஒரு அட்டாக் இருக்கு. கூட்டமான பஸ்ல பின்னாடி நின்னு கண்டக்டருக்கு காசு பாஸ் பண்ணுவோம்ல, நடுவுல நிக்கிற ஆளு நோட்டையும் பாப்பாரு டிக்கெட்டையும் பாப்பாரு, மனசு வெச்சா மாத்தியும் குடுப்பாரு, அதேதான், இங்க உங்க போனுக்கும் நெட்டுக்கும் நடுவுல ஒருத்தன் நிக்கிறான். ஸ்டேஷன் வைஃபை பேர்லயே ஒருத்தன் லேப்டாப்ல ஹாட்ஸ்பாட் போட்டா, முன்னாடி அந்த ஸ்டேஷன் வைஃபைல சேந்திருந்த போன் அதே பேரப் பாத்துட்டு அதுவா போய் ஒட்டிக்கலாம், அதனால ஆட்டோ ஜாய்ன் ஆஃப்ல இருக்கட்டும். லாட்ஜ்லயும் அதே நெட்வொர்க்ல இருக்குறவன் "நான்தான் ரவுட்டர்"னு உங்க போன்கிட்ட பொய் சொல்லி டிராஃபிக்க தன் பக்கம் திருப்பிக்கலாம், ஏஆர்பி ஸ்பூஃபிங்னு பேரு.

அதுக்காக நடுங்கவும் வேணாம். இப்ப முக்காவாசி சைட்டு, பேங்க் ஆப் எல்லாமே எச்டிடிபிஎஸ், அதாவது போற வர்ற தகவல பூட்டி அனுப்புற முறை, எந்த சைட்டுக்கு போறீங்கன்னு வேணா நடுவுல இருக்குறவனுக்கு தெரியும், பாஸ்வேர்டு தெரியாது. அவன் நம்பி இருக்குறது உங்க அவசரத்ததான். சர்டிஃபிகேட் (சைட்டோட அடையாள அட்டை மாதிரி) சரியில்லன்னு பிரவுசர் கத்துறப்ப "அட பரவால்ல"ன்னு மேல போக பட்டன அமுக்குனா கதை முடிஞ்சுது. வைஃபை லாகின் பேஜ்ல ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்டாலும் அப்படியே மூடிடுங்க, ரயில்வே வைஃபைக்கு மொபைல் நம்பரும் ஓடிபியும்தான் வேணும்.

பேசாம ஒரு ப்ரீபெய்டு சிம் வாங்கிடுங்க. பாஸ்போர்ட், விசா எடுத்துட்டு கம்பெனி ஸ்டோருக்கே போங்க, ரோட்டோர குடைக்கு கீழ வேணாம். உங்க ஊர் சிம்ம கழட்டி பெட்டில போட்டுடாதீங்க, பேங்க் ஓடிபி அதுலதான் வரும், டேட்டா ரோமிங்க மட்டும் ஆஃப் பண்ணா போதும். விபிஎன் (உங்க டிராஃபிக்க பூட்டி வேற ஒரு சர்வர் வழியா அனுப்புற ஆப்) இருந்தா உங்க நாட்டு சர்வர்ல போடுங்க, வெளிநாட்டுலேந்து லாகின்னு பேங்க் அக்கவுண்ட்ட லாக் பண்ற தொல்லையும் கொறையும்.

இந்திய அக்கவுண்ட்ல காசு போச்சுன்னா உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடுங்க. வெளிநாட்டு கார்டுன்னா அந்த பேங்க்குக்குதான் பேசணும், கார்டு பின்னாடி இருக்குற டோல் ஃப்ரீ நம்பர் இங்கேருந்து போகாம இருக்கலாம், அதனால கெளம்புறதுக்கு முன்னாடியே வெளிநாட்டுலேந்து கூப்புடுற நம்பர ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்குங்க.