தீவுப் படகுச் சேவையைத் தனியாரோடு சேர்ந்து நடத்த ஒப்பந்தம் எழுதுவது எப்படி

யாழ்ப்பாணத்துக் குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்குப் பதினைந்து, இருபது நிமிடம்தான். நாகபூஷணி அம்மன் உற்சவம் என்றாலும் நாக விகாரைக்கு ஆட்கள் வரும் நாட்கள் என்றாலும் படகில் இடம் இராது. அதே துறையிலிருந்து நெடுந்தீவுக்குச் சுமார் ஒரு மணி நேரம். கிழமை நாட்களில் அதில் போவது ஆசிரியர்கள், அரச ஊழியர், ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புகிறவர்கள், அரிசி மூட்டை, சீமெந்துப் பை. முதல் ஓட்டத்தில் இலாபம், இரண்டாவதில் நட்டம். இரண்டுக்கும் தனித்தனியே விலைமனு கோரினால் நயினாதீவுக்குப் போட்டி இருக்கும், நெடுந்தீவுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். ஆகவே இரண்டையும் ஒரே பொதியாகக் கட்டிக் கேளுங்கள். நயினாதீவில் வரும் மிச்சம் நெடுந்தீவின் நட்டத்தில் ஒரு பகுதியைத் தாங்கும். எஞ்சியதை அரசு கொடுக்கும். இப்போது ஓடும் சிறு படகு உரிமையாளர்கள் இதனால் வெளியே தள்ளப்படக்கூடாது. அவர்கள் கூட்டுறவுச் சங்கமாகவோ கம்பனியின் பங்காளராகவோ சேர்ந்து விண்ணப்பிக்க இடம் வைக்க வேண்டும்.

விலைமனுவுக்கு முன்பே பயணிகளை எண்ண வேண்டும். ரிக்கற் புத்தகம் இதற்குப் போதாது. துறையில் ஆள் நின்று ஒவ்வொரு ஓட்டத்திலும் ஏறுகிற தலைகளை எண்ண வேண்டும். சோழகம் அடிக்கும் மாதம் ஒன்று, வாடைக் காலத்தில் ஒன்று, உற்சவக் காலம், சாதாரண பாடசாலைத் தவணை என நான்கு எண்ணிக்கையாவது இல்லாமல் விலைமனு கோரும் பத்திரம் எழுதாதீர்கள். உற்சவ வாரத்தை எண்ணி அதை ஐம்பத்திரண்டால் பெருக்கிய கணக்கை நம்பிப் படகு வாங்கினால், இரண்டாம் வருடமே வங்கிக் கடன் கட்ட முடியாமல் போகும்.

அடுத்தது, எது யார் தலையில் என்பது. கட்டுப்படுத்தக்கூடியவனிடமே அந்தச் சுமையைக் கொடுக்க வேண்டும். இயந்திரம், ஓட்டிகள், நேரம், துப்புரவு ஆகியவை நடத்துநரின் பொறுப்பு. இறங்குதுறையும் படகுப் பாதையின் ஆழமும் அரசின் பொறுப்பு. ஆழத்தை மீற்றரில் எழுதுங்கள்: கடல் வற்றி நீர் தாழும் நேரத்திலும் துறையடியில் இத்தனை மீற்றர் நீர் இருக்கும், குறைந்தால் இத்தனை நாளில் தூர்வாரப்படும் என்று. இந்த ஒரு வரி விடுபட்டால் படகு தரைதட்டும் நாளில் இரு பக்கமும் விரலை மற்றவன் பக்கம் நீட்டும். டெல்லி விமான நிலைய மெட்ரோ பாதையில் கட்டுமானம் அரச நிறுவனத்திடமும், தண்டவாளமும் ரயிலும் தனியாரிடமும் இருந்தன. கட்டுமானக் குறைபாடுகள் தெரியவந்து 2012 யூலையில் சேவை நின்றது. 2013இல் தனியார் விலகினார். அந்த வழக்கு 2024 வரை இழுபட்டது. இரண்டு பொறுப்புகள் சந்திக்கும் மூட்டு எங்கே என்று பாருங்கள், அங்கேதான் ஒப்பந்தம் பிளக்கும்.

கொடுப்பனவு முறைதான் எல்லாவற்றிலும் கவனமாக எழுத வேண்டியது. நெடுந்தீவு ஓட்டத்துக்குப் பயணிக்கு இவ்வளவு என்று கொடுக்காதீர்கள், ஆள் குறைந்த காலை ஓட்டம் மெல்லக் காணாமல் போய்விடும். ஓடிய ஓட்டத்துக்குப் பணம் கொடுங்கள். எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு: மாதத்துக்கு 180 ஓட்டம் திட்டம், ஓட்டத்துக்கு 20,000 ரூபாய். காற்றால் 12 நின்றன, இயந்திரக் கோளாறால் 8 நின்றன, ஓடியவை 160. ஓடியவற்றுக்கு 32 இலட்சம். கோளாறால் நின்ற ஒவ்வொன்றுக்கும் 30,000 தண்டம், ஆக 2,40,000 கழியும். காற்றால் நின்றவற்றுக்குப் பாதிப் பணம், 1,20,000 கூடும். கையில் வருவது 30,80,000.

காற்றுக்கு ஏன் பாதி? முழுப் பணம் கொடுத்தால் லேசான காற்றுக்கும் படகு துறையில் கட்டிக் கிடக்கும். ஒன்றும் கொடுக்காவிட்டால் கடன் கட்ட வேண்டியவர் கொந்தளிக்கும் கடலில் சனத்தை ஏற்றிக்கொண்டு புறப்படுவார். படகு விடலாமா என்ற முடிவும் நடத்துநரிடம் இருக்கக்கூடாது. துறையில் காற்றுமானி ஒன்று பூட்டி, அந்தப் படகின் உறுதிநிலைப் பரிசோதனையிலிருந்து (கவிழாமல் நிற்குமா என்று பார்க்கும் சோதனை) வந்த காற்று வேக எல்லையை ஒப்பந்தத்தில் எழுதி, பதிவேட்டில் ஒப்பமிடும் அரச உத்தியோகத்தர் ஒருவரைப் பதவிப் பெயரோடு குறிப்பிடுங்கள்.

நெடுந்தீவு ஓட்டத்தின் பயணக் கட்டணம் முழுவதும் அரசுக்குப் போனால் ரிக்கற் வெட்டுவதில் நடத்துநருக்கு அக்கறை இராது. வசூலில் 10 முதல் 20 வீதம் அவருக்கு விடுங்கள்.

டீசலை மறந்து எழுதிய ஒப்பந்தம் இந்த நாட்டில் நிலைக்காது. 2021 டிசெம்பரில் லீற்றர் 121 ரூபாயாக இருந்த ஓட்டோ டீசல் 2022 யூன் இறுதியில் 460 ஆனது. செலவில் டீசலின் பங்கு 40 வீதம் என்று வைத்தால், டீசல் 10 வீதம் ஏறும்போது கொடுப்பனவு 4 வீதம் ஏற வேண்டும், இறங்கினால் அதே அளவு இறங்க வேண்டும். 121இலிருந்து 460க்கு என்றால் கொடுப்பனவு இரு மடங்கைத் தாண்டும். அவ்வளவை அரசால் கொடுக்க முடியாத மாதத்துக்கென ஒரு குறுகிய அட்டவணையை முன்கூட்டியே இணைத்து வையுங்கள்: ஆசிரியரும் நோயாளியும் போய்வரும் காலை, மாலை ஓட்டங்கள் கட்டாயம், மற்றவை நிறுத்தலாம். விலை மட்டுமல்ல, அந்த வருடம் பணம் இருந்தும் டீசல் கிடைக்கவில்லை. படகுக்கென எரிபொருள் ஒதுக்கீடு பெற்றுக் கொடுப்பது அரசின் கடமை என்று ஒரு பிரிவு வேண்டும்.

பெரும்பாலும் மறக்கப்படுவது மாற்றுப் படகு. அடிப்பாகம் சுரண்டி வண்ணம் பூச, தண்டும் விசிறியும் பார்க்க, படகு வருடத்துக்கு ஒருமுறை கரையேற வேண்டும். அந்த வாரங்களில் எது ஓடும்? ஒப்பந்தத்தில் ஒரே படகு இருந்தால் பதில் இல்லை. அதே ஆசனக் கொள்ளளவுள்ள இரண்டாவது படகைக் காட்டாத விண்ணப்பத்தைத் திறக்கும்போதே ஒதுக்குங்கள்.

பாதுகாப்பில் பேரம் கிடையாது. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் வேலை நடந்தபோது மாற்றாக ஓடிய இழுவைப் பாதை (ஆட்களை ஏற்றி இழுத்துச் செல்லும் மிதவை) கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் இறந்தார்கள். அனுமதி கொடுத்தது யார், பரிசோதிக்க வேண்டியது யார் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் கிளம்பியது. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த இரண்டு பதவிகளும் முதற் பக்கத்திலேயே இருக்கட்டும். ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி, அதற்கு மேலாகப் பயணிகள் தொகையில் குறைந்தது 10 வீதத்துக்குச் சிறுவர் அளவு. பெரியவரின் அங்கி பிள்ளையின் தலைவழியே கழன்று போகும். கொள்ளளவு மீறினால் அந்த ஓட்டத்துக்குப் பணமே இல்லை.

விலைமனுவில் இரண்டு உறை கேளுங்கள். முதல் உறையில் தகுதி, படகு, ஓட்டிகளின் சான்று. தேறியவர்களின் இரண்டாம் உறையை மட்டும் திறந்து, குறைந்த அரச உதவி கேட்பவருக்குக் கொடுங்கள். ஒப்பந்த வரைவை விலைமனுவோடு சேர்த்தே தமிழிலும் வெளியிடுங்கள். வென்ற பிறகு நிபந்தனை பேசத் தொடங்கினால் போட்டியில் கிடைத்த விலை கரைந்துவிடும். காலம், அரசின் படகை நடத்த 5 வருடம் போதும். நடத்துநரே புதுப் படகு வாங்குவதாக இருந்தால் கடன் தீரும் காலத்தை ஒட்டி 10 முதல் 15 வருடம்.

ஒப்பந்தக் காலம் முடிய 18 மாதம் முன்னர் சுயாதீனப் பொறியியலாளர் ஒருவரைக் கொண்டு படகின் தகட்டுத் தடிப்பை அளந்து, இயந்திரத்தைத் திறந்து பாருங்கள். திருத்த வேண்டியவற்றின் செலவை எஞ்சிய மாதங்களின் கொடுப்பனவில் சிறிது சிறிதாகப் பிடித்து வைத்து, திருத்தம் முடிந்த பிறகு விடுவியுங்கள்.