காயீன் ஆபேலிடம் என்ன சொன்னான்? மித்ராஷ் படிக்கப் பழகும் வழி

தமிழ் வேதாகமம் பக்கத்தில் இருந்தால் ஆதியாகமம் 4:8-ஐத் திறந்துகொள்ளுங்கள். காயீன் தன் சகோதரனாகிய ஆபேலோடே பேசினான் என்று இருக்கும். அடுத்த மூச்சில் இருவரும் வயல்வெளியில் நிற்கிறார்கள், கொலையும் நடந்துவிடுகிறது. நாம் நிற்காமல் படித்துக்கொண்டே போய்விடுகிறோம். எபிரெயத்தில் படிப்பவரால் அப்படிப் போக முடியாது, ஏனென்றால் அங்கே இருக்கும் வினை 'வயோமெர்', அதாவது 'சொன்னான்'. சொன்னான் என்றால் என்ன சொன்னான் என்று அடுத்து வரவேண்டும். வரவில்லை. வாக்கியம் அந்தரத்தில் தொங்குகிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு "வயலுக்குப் போவோம்" என்று ஒரு வரி கொடுத்து ஓட்டையை அடைத்தது, நம் தமிழில் 'பேசினான்' என்று போட்டதால் ஓட்டையே தெரியாமல் போனது. யூத ரபிகள் (வேத ஆசிரியர்கள்) அதை அடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை, அதற்குள் இறங்கித் தேடினார்கள். அந்தத் தேடலில் பிறந்த வேத விளக்கங்கள்தான் மித்ராஷ். அந்தச் சொல்லே 'தரஷ்' என்ற வேரிலிருந்து வருகிறது: தேடு, விசாரி.

மித்ராஷைப் புதிதாக எடுப்பவர்கள் பெரும்பாலும் அதைக் கதைத் தொகுப்பாகப் படிக்கிறார்கள். அதனால்தான் "இதெல்லாம் வேதத்தில் எங்கே இருக்கிறது, இஷ்டத்துக்குக் கட்டிவிட்டார்களே" என்று சலித்துப்போய் மூடிவைக்கிறார்கள். நான் சொல்லும் வழி ஒன்றுதான்: கதையை முதலில் படிக்காதீர்கள். வசனத்தைப் படியுங்கள், அதில் எந்தச் சொல் நெருடுகிறது என்று கண்டுபிடியுங்கள், அப்புறம் கதைக்கு வாருங்கள். மித்ராஷில் வரும் கதை ஒரு கேள்விக்கான பதில். கேள்வி தெரியாமல் பதிலை மட்டும் படித்தால் யாருக்கும் விசித்திரமாகத்தான் இருக்கும்.

நெருடல் பல வகையில் வரும். மேலே பார்த்த மாதிரி ஒரு சொல் குறையலாம், தேவையில்லாமல் ஒன்று கூடலாம், ஒருமை வரவேண்டிய இடத்தில் பன்மை வரலாம், ஒரே செய்தி இரண்டு முறை சொல்லப்படலாம். ரபிகளின் நம்பிக்கை இதுதான்: கடவுளின் பேச்சில் வீண் சொல் கிடையாது, ஆகவே நெருடுகிற இடம் தவறு அல்ல, அழைப்பு. இந்த நம்பிக்கையை நீங்கள் ஏற்கவேண்டும் என்று இல்லை, ஆனால் படிக்கும் நேரத்துக்காவது அதைக் கையில் வைத்திருங்கள்.

இப்போது ஆதியாகமத்துக்கான மித்ராஷ் தொகுப்பாகிய ஆதியாகம ரப்பாவுக்குப் போவோம். எபிரெயத்தில் பெரேஷித் ரப்பா. இஸ்ரவேல் நாட்டில் சுமார் கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டது. அதன் 22-ஆம் அதிகாரம் கேட்கிறது: இருவரும் எதைப் பற்றி வாக்குவாதம் செய்தார்கள்? முதல் பதில், உலகத்தைப் பங்கு போட்டார்கள். ஒருவன் நிலத்தை எடுத்துக்கொண்டான், மற்றவன் அசையும் பொருள்களை எடுத்துக்கொண்டான். "நீ நிற்கிற மண் என்னுடையது, பறந்து போ" என்றான் ஒருவன். "நீ உடுத்தியிருப்பது என்னுடையது, கழற்று" என்றான் மற்றவன். இரண்டாவது பதில், நிலம், பொருள் இரண்டையும் சமமாகத்தான் பிரித்தார்கள், எருசலேம் ஆலயம் யாருடைய எல்லையில் கட்டப்படும் என்பதில்தான் சண்டை. மூன்றாவது பதிலில் ஒரு பெண் வருகிறாள்: ஆபேலோடு கூடுதலாக ஒரு இரட்டைச் சகோதரி பிறந்தாள், மூத்தவன் என்பதால் எனக்கு என்றான் ஒருவன், என்னோடு பிறந்தவள் என்பதால் எனக்கு என்றான் மற்றவன். சொத்து, மதம், பெண். காணாமல் போன ஒரு வரிக்குள் மனிதர்கள் ஒருவரையொருவர் கொல்லும் காரணங்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

இங்கே அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு பதிலும் வசனத்தின் எந்தச் சொல்லில் காலூன்றி நிற்கிறது என்று பாருங்கள். ஆலயத்துக்கும் இந்த வசனத்துக்கும் என்ன சம்பந்தம்? 'வயல்' என்ற சொல்தான். மித்ராஷ் உடனே மீகா 3:12-ஐ மேற்கோள் காட்டுகிறது: சீயோன் வயல்போல உழப்படும். அந்த மேற்கோள் அங்கேயே நின்றுவிடும். நீங்கள் நிற்காதீர்கள், மீகாவைத் திறந்து வசனத்தை முடிவு வரை படியுங்கள். எருசலேம் மண்மேடாகும், ஆலயம் இருக்கும் மலை காட்டுமேடாகும் என்று போகிறது. ஆலயம் என்ற சொல் மேற்கோளில் இல்லை, சொல்லாமல் விட்ட பாதியில் இருக்கிறது. கேட்டவர்களுக்கு அது மனப்பாடம், நமக்குத்தான் புத்தகத்தைத் திறக்கவேண்டும். அவர்கள் வாழ்ந்ததோ கி.பி. 70-இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்த பிறகு. உழப்பட்ட சீயோனை மனத்தில் வைத்துக்கொண்டு முதல் கொலை நடந்த வயலைப் பார்க்கிறார்கள். இதை நான் முதல் முறை கவனித்த நாளில் மீகாவையும் ஆதியாகமத்தையும் மாற்றி மாற்றித் திறந்துகொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மேற்கோள் வசனத்தைத் தேடும்போது எண்கள் சில இடங்களில் ஒத்துவராது. யூதப் பதிப்புகளில் மல்கியாவுக்கு 3 அதிகாரம், தமிழில் 4. பல சங்கீதங்களில் அவர்கள் தலைப்பையும் வசனமாக எண்ணுவார்கள், அதனால் ஒன்றிரண்டு தள்ளித் தேடுங்கள்.

அடுத்து, ஒரு பதிலுக்கும் அடுத்த பதிலுக்கும் நடுவில் 'தவார் அஹேர்' என்று பல இடங்களில் வரும். 'வேறொரு விளக்கம்' என்று பொருள். முன்னது தப்பு, இதுதான் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். என் வார்த்தை கன்மலையை நொறுக்கும் சம்மட்டி என்று எரேமியா 23:29 சொல்கிறதே, அதை வைத்துத் தல்மூத் (ரபிகளின் சட்ட விவாதங்களும் விளக்கங்களும் அடங்கிய பெருநூல்) சன்ஹெட்ரின் என்ற பகுதியில் விளக்குகிறது: சம்மட்டி அடியில் பல பொறிகள் தெறிப்பதுபோல ஒரே வசனம் பல பொருள்களாகப் பிரியும். அதற்காக வசனத்தின் நேர்ப்பொருள் அழிந்துவிடாது, வசனம் தன் நேர்ப்பொருளை விட்டு விலகுவதில்லை என்பதும் அதே தல்மூத்தின் வாக்குதான். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டு வசனம் தள்ளி வாருங்கள். 4:10, உன் சகோதரனுடைய இரத்தத்தின் சத்தம். எபிரெயத்தில் 'தெமே', இரத்தங்கள், பன்மை. சுமார் கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட, ரபிகளின் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவில் இந்தப் பன்மை நீதிமன்றத்துக்குள் வந்துவிடுகிறது. மரணதண்டனை வழக்கில் சாட்சி சொல்ல வருபவர்களை எச்சரிக்கும்போது இந்த வசனத்தைச் சொல்லவேண்டும்: அவனுடைய இரத்தமும், அவனுக்குப் பிறந்திருக்க வேண்டிய சந்ததியின் இரத்தமும் என்பதால்தான் இரத்தங்கள், நீ பொய் சொன்னால் அத்தனையும் உன் தலைமேல். ஓர் உயிரை அழித்தவன் ஓர் உலகத்தையே அழித்தவன் என்ற புகழ்பெற்ற வரி அடுத்து அங்கேயே வருகிறது. ஒரு பன்மை விகுதியிலிருந்து கிளம்பிய சட்டம் இது.

அதே வசனத்துக்கு ஆதியாகம ரப்பாவில் ரபி ஷிமோன் பென் யோகாய் சொல்வதாக ஓர் உவமை உண்டு. ரோம் ஆட்சிக்குத் தப்பித் தன் மகனோடு குகையில் ஒளிந்திருந்தார் என்று தல்மூத் சொல்லும் அதே மனிதர். தொடங்கும்போதே சொல்கிறார்: இதைச் சொல்வது கடினம், வாயால் விளக்க முடியாது. அப்புறம், ராஜாவுக்கு முன்னால் இரண்டு மல்லர்கள் மோதுகிறார்கள் (மல்லருக்கு அங்கே வருவது கிரேக்கத்திலிருந்து வந்த சொல், ஆகவே கண்முன் நிற்பது அந்தக் காலத்து விளையாட்டரங்கம்). ராஜா நினைத்திருந்தால் இருவரையும் பிரித்திருக்கலாம். பிரிக்க நினைக்கவில்லை. ஒருவன் மற்றவனை வென்று கொல்கிறான், சாகிறவன் கதறுகிறான்: ராஜாவுக்கு முன் என் வழக்கை யார் பேசுவார்?

மித்ராஷ் உவமைகளில் ராஜா என்றால் பெரும்பாலும் கடவுள். அதனால் உவமையைப் படிக்கும்போது யார் யாருக்கு என்று முழுவதும் பொருத்திக்கொண்டிருக்காமல், எந்த இடத்தில் வலிக்கிறது என்று பாருங்கள். இங்கே வலிப்பது, ராஜா பார்த்துக்கொண்டே இருந்தார் என்ற இடம். காயீனை விட்டுவிட்டுக் கேள்வி கடவுள் பக்கம் திரும்பிவிட்டது, அதுவும் பக்தியை விடாமல், வேதத்தின் சொல்லைப் பிடித்துக்கொண்டே. ரபிகளின் இறையியல் கோட்பாடாக எழுதிவைக்கப்பட்டு நமக்குக் கிடைப்பதில்லை, இப்படி ஒரு வசனத்தின் ஓரத்தில்தான் கிடைக்கிறது. உவமையை வேகமாகத் தாண்டிவிட்டால் அது கைநழுவிவிடும்.

தனியாகப் படிக்காமல் இரண்டு பேராக உட்கார முடிந்தால் நல்லது. ஹவ்ரூதா என்பார்கள்: ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் "எங்கிருந்து எடுத்தார்கள்?" என்று விடாமல் கேட்க வேண்டும். மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் செஃபாரியா இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எபிரெய எழுத்துகளை மட்டுமாவது கற்றுக்கொள்ளுங்கள். வசனத்தின் சொல்லும் மேற்கோளின் சொல்லும் ஒன்றேதானா என்று கண்ணால் சரிபார்க்க அது போதும்.

சரி, பழகிப் பார்க்க ஆதியாகமம் 22:2. உன் புத்திரன், உன் ஏகசுதன், உன் நேசகுமாரன், ஈசாக்கு. ஒரே ஆளைச் சொல்ல ஏன் நான்கு சொல்? ஆபிரகாமுக்கு இஸ்மவேல் என்று இன்னொரு மகன் இருப்பதை நினைவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஆபிரகாம் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று உங்கள் கையால் எழுதுங்கள். எழுதிய பிறகு ஆதியாகம ரப்பா 55-ஐத் திறங்கள்.