நொடித்த விமான நிறுவனத்தை மறுபடி பறக்க வைப்பது எப்படி?

முதலில் கையில் ரொக்கம் வேண்டும், பேரும் பெருமையும் டேங்கை நிரப்பாது. 2001 அக்டோபர் 2 அன்று சுவிட்சர்லாந்தின் பெரிய விமான நிறுவனமான சுவிஸ்ஏரின் விமானங்கள் எரிபொருளுக்குக் கொடுக்கப் பணமில்லாமல் தரையிலேயே நின்றன.

அப்புறம், கடனில் மூழ்கிய பழைய கம்பெனியைத் தூக்கி நிறுத்தப் பார்க்காதீர்கள். உயிரோடு இருக்கிற சின்னக் கம்பெனி ஒன்றைப் பிடித்து, பெரியதன் விமானங்களையும் ஆட்களையும் அதற்குள் கொண்டுவாருங்கள். அதே நாட்டின் பாசல் நகரத்துச் சின்ன விமான நிறுவனமான கிராஸ்ஏர் இப்படித்தான், சுவிஸ்ஏரின் விமானங்களையும் ஆட்களையும் சேர்த்துக்கொண்டு, அரசும் தனியாரும் போட்ட பணத்தில், 2002 மார்ச் 31 அன்று ‘சுவிஸ்’ ஆனது. டிக்கெட்டைப் பாருங்கள், விமான எண்ணுக்கு முன்னால் வரும் எல்எக்ஸ் (LX) என்ற குறியீடு கிராஸ்ஏருடையது. வாலில் இருக்கும் வெள்ளைச் சிலுவையோ சுவிஸ்ஏர் காலத்துச் சொத்து.

இரண்டு பக்கத்து விமானிகளின் பணிமூப்புத் தகராறை முதலிலேயே தீர்த்துவிடுங்கள், விட்டால் வருடக்கணக்கில் இழுக்கும். இவ்வளவுக்குப் பிறகும் நட்டம்தானா? சரி, பெரிய கை ஒன்றைத் தேடுங்கள். சுவிஸ் 2005-இல் ஜெர்மனியின் லுஃப்தான்சா விமான நிறுவனத்திடம் போனது.